கரையேறிய நண்டுகள்

மலைக்காடு ஒன்றில் நரி, கீரி, உடும்பு என்று மூன்று நண்பர்கள் இருந்தனர். நரி எதிலும் முந்திக்கொள்ளும். கீரிக்கு நரி சொன்னதே வேதவாக்கு. உடும்புக்கோ எதைக் கண்டாலும் சந்தேகம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. மழைக்காலம் பிறந்து, மலையோடை ஒருமுறை பொங்கி வடிந்த பிறகுதான் விலங்குகள் மேலே மீன் பிடிக்கப் போகும். கரடி முதலில் போகும், மற்றவை அதன் பின்னால் போகும். மிச்சம் மீதிதான் தனக்குக் கிடைக்கிறது என்று நரிக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"இந்த வருஷம் முதல் மழைக்கு முன்பே போய் மேலே தங்கிவிடுவோம். கரடி வருவதற்குள் மீனெல்லாம் நமக்குத்தான்," என்றது நரி.

"எங்கே தங்குவது?" என்று உடும்பு கேட்டது.

"ஓடை நடுவே தட்டைப் பாறை இருக்கிறதே, அங்கேதான். சிறுத்தை கிட்டே வராது. இரண்டு பக்கமும் மீன்."

"தண்ணீர் வந்துவிட்டால்?"

"வானத்தைப் பார். ஒரு மேகம் இருக்கிறதா? வாயைத் திறந்தாலே அபசகுனம்தான் உனக்கு."

"நரியண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்றது கீரி.

பிறகு தலை யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு என்று மூன்றும் வெகுநேரம் பேசின. மீனைப் பங்கு போடுவதிலேயே திட்டம் முடிந்துபோனது. தண்ணீரைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே எழவில்லை.

மறுநாள் மூன்றும் மலையேறின. ஓடை மெலிந்து கிடந்தது. குட்டைகளில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பொழுது சாய்வதற்குள் பாறைமேல் மீன் குவிந்துவிட்டது. நரிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது பாறையிடுக்கிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்து கரையை நோக்கி நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. சற்று நேரத்தில் பாறை முழுவதும் நண்டுகள் ஊர்ந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, மேட்டை நோக்கிப் போயின.

"பார்த்தீர்களா, இரை தானாக வாய்க்கு நடந்து வருகிறது," என்று சொல்லி நரி இரண்டு நண்டுகளைக் நறுக்கென்று கடித்தது. கீரியும் ஒன்றைப் பிடித்தது.

உடும்பு மட்டும் அசையவில்லை. "நம்மைக் கண்டாலே வளைக்குள் ஒளிகிற நண்டு இது. இன்றைக்கு நம் காலடியிலேயே நடக்கிறது. நம்மைவிடப் பெரிய எதற்கோ அது பயப்படுகிறது," என்றது.

"பயந்த நண்டுதான் ருசி," என்றது நரி. அது தின்றுகொண்டே இருந்தது.

"நான் கரைக்குப் போகிறேன். கீரி, நீயும் வா."

கீரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் வாயில் இருந்த நண்டு, மாட்டிக்கொண்ட காலை அப்படியே விட்டுவிட்டுக் கரைப் பக்கம் ஓடியது. ஓடிய வேகத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் கீரி மறு பேச்சில்லாமல் உடும்பின் பின்னால் கரைக்குத் தாவியது.

ஓடைநீர் பழுப்பு நிறமாக மாறியது. சருகுகளும் குச்சிகளும் மிதந்து வந்தன. மேலே எங்கோ கற்கள் உருளும் சத்தம் கேட்டது. மலையுச்சியில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை.

"அண்ணே, வந்துவிடு," என்று கீரி கத்தியது.

"இதோ, இந்த நாலு நண்டை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன்."

முடிப்பதற்குள் வெள்ளம் ஓடையின் வளைவைத் தாண்டி வந்துவிட்டது. மீன் குவியல் ஒரே அடியில் போனது. நரி கரையை நோக்கித் தாவியது. தின்ற நண்டெல்லாம் வயிற்றில் கனத்ததால் அதன் உடம்பு எழும்பவில்லை. முன்கால் நகங்கள் கரை மண்ணைக் கீறின. உடும்பு வேரைப் பற்றிக்கொண்டு வாலை நீட்டியது. எட்டவில்லை.

நரி போய்விட்டது. கீரி வெள்ளத்தைப் பார்த்து அழுதது.

காலொடிந்த அந்த நண்டு கீரியின் பக்கமாக மேடு ஏறி வந்தது. கீரி ஒதுங்கி அதற்கு வழிவிட்டது.

நீதி: ஆபத்தின் அறிகுறியை அதிர்ஷ்டமென்று விழுங்கும் பேராசை, தப்பிக்கும் வழியையும் சேர்த்தே விழுங்கிவிடும்.