வாலின் மேல் உட்கார்ந்த துள்ளி

பிள்ளைகளே, கிட்ட வாருங்கள். பெரியவர்களும் காதைக் கொடுங்கள். மிருகங்களெல்லாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு காட்டில் சடையனார் என்றொரு கரடி வாத்தியார் இருந்தார்.

அவரிடம் மூன்று மாணவர்கள் படித்தார்கள். துள்ளி என்ற குரங்குக்குட்டி, குண்டுமணி என்ற யானைக்கன்று, பட்டு என்ற அணில்.

ஒரு நாள் சிங்கராஜா வந்தார். "சடையனாரே, மழை வந்தால் ஓடை பெருகிக் காடு இரண்டாகிவிடுகிறது. அக்கரைக் குட்டிகள் பட்டினி கிடக்கின்றன. ஓடையைக் கடக்க உம்முடைய பிள்ளைகள் மழைக்கு முன் புதிதாக ஒரு வழி செய்யட்டும். இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, என் முதுகில் ஈ ஓட்ட அவர்களை அனுப்பும்!"

வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. "பிள்ளைகளா, புதிதாக யோசியுங்கள்! இஷ்டம்போல் செய்யுங்கள்!" என்று கத்தினார்.

பள்ளிக்கூடம் சந்தையாகிவிட்டது. துள்ளி தெப்பம் கட்டத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டு ஊஞ்சல் கட்டினாள். அதையும் விட்டுவிட்டு, பனையோலையில் சிறகு செய்து மரத்திலிருந்து குதித்தாள். நேராக வாத்தியார் தலையில் விழுந்தாள். குண்டுமணி கல்லைக் குவித்தான். எதற்கென்று மறந்துபோய் அதன்மேல் ஏறித் தூங்கினான். பட்டு, கயிறு திரிக்க வைத்திருந்த கொடியைக் கொறித்துத் தீர்த்தாள்.

மறுநாள் வாத்தியார் பிரம்பை எடுத்தார். "கையைக் கட்டு! வாயைப் பொத்து! நான் வரைவதை வரை!" மணலில் ஒரு மரக்கட்டையை வரைந்தார். மூவரும் அப்படியே மூன்று கட்டைகளை வரைந்தார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மனம் நொந்து தேன் தேடிப் போனார். கூட்டைக் கண்டதும் மூக்கை நுழைத்தார். தேனீக்கள் சும்மா விடுமா? மூக்கு வீங்கி ஓடையில் முங்கியவர், வெகுநேரம் நீரில் கிடந்து யோசித்தார். 'ஆசை இருந்தது, ஆனால் ஒரு கணம் பொறுத்தேனா? இன்னொரு பக்கமாய்ப் போவோம் என்று நினைத்தேனா? எனக்கே தெரியாததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?'

பூசணிக்காய் மூக்கோடு வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"யோசனை உங்களுடையது. நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் கை வைக்குமுன் எனக்குச் சொல்லுங்கள்: என்ன செய்யப்போகிறாய்? முதல் வேலை எது? அது சொதப்பினால் வேறு என்ன வழி? துள்ளி, சொல்லி முடிக்கும்வரை உன் வாலின் மேல் உட்கார்!"

துள்ளி வாலின் மேல் உட்கார்ந்தாள். வால் நெளிந்தது, அவள் விடவில்லை. "கொடியில் தொங்குபாலம் கட்டலாம் ஐயா" என்றாள். முதல் வேலை மறந்துபோகாமலிருக்க, குண்டுமணி "கொடி, மூங்கில், முடிச்சு" என்று பாட்டாகவே பாடிக்கொண்டு சுமந்தான். பட்டு கொறிக்க வந்த வாயை அடக்கிக்கொண்டு முடிச்சுப் போட்டாள்.

பாலம் முடியும் நேரத்தில் கொடி பட்டென்று அறுந்தது. "போதும்! வேறு ஏதாவது செய்யலாம்!" என்று துள்ளி மரத்தில் தாவி ஏறினாள். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் அவளே நின்றாள். இறங்கி வந்து, மறுபடி வாலின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒற்றைக் கொடி தாங்காது. மூன்றை முறுக்கி ஒன்றாக்கலாமா ஐயா?"

"செய்து பார்" என்றார் வாத்தியார்.

மழைக்கு முன் பாலம் முடிந்தது. ராஜா சோதிக்க வந்தார். பாலத்தில் கால் வைத்தார். நடுவில் போனதும் பாலம் லேசாக ஆடியது. காட்டையே நடுங்க வைக்கும் சிங்கராஜா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "அம்மா!" என்று அலறினார்.

மூன்று பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு 'கிளுக்' கூட வரவில்லை.

அக்கரை சேர்ந்த ராஜா பிடரியை உதறிக்கொண்டு, "நல்ல பாலம். பள்ளிக்கூடம் நடக்கட்டும்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வால் புதரில் மறைந்த பிறகுதான் காடு அதிரச் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் வாத்தியார்தான்.

புதிதாக யோசிக்கும் பிள்ளைக்குப் பொறுக்கவும், திட்டமிடவும், தவறினால் வழியை மாற்றவும் கற்றுக்கொடுத்தால்தான் அதன் யோசனை காரியமாகும்.