மூன்றாம் பந்தியில் கறி இல்லை

இந்தக் கதையை ஒன்பது வருடமாக நான் நம்பவில்லை.

சொன்னவர் சவரிராயன், என் தெருக்காரர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு போனபின் வண்டியை விட்டுவிட்டு, முப்பது சென்ட் நிலத்தில் தொழுவம் கட்டி வெண்பன்றி வளர்த்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

*

சவரிராயன் ஒரு நாள் லூர்து மேரியைத் தேடிப் போனார். ரப்பர் தோட்டத்துக்குக் கீழே லூர்துவின் தொழுவம். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அந்த வட்டாரத்தில் பன்றி வளர்க்கிற எல்லோரும் லூர்துவிடம்தான் போய்க் கேட்பார்கள்.

லூர்து ஓட்டல் மிச்சத்தை அண்டாவில் கொதிக்க வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு வருசமா மாடா உழைக்கேன், லூர்து. மொத ஈத்துல பதினொரு குட்டி. இப்ப அஞ்சு. அதுலயும் ரெண்டு செத்துட்டு. மிச்சம் மூணும் பெருச்சாளி மாதிரி நிக்கி. தீவனத்துல கொறையா, மருந்துல கொறையா?"

"போன கிறிஸ்மஸுக்கு எதை வெட்டினீய, அண்ணாச்சி?"

"இருந்ததுல பெருசை."

"ஈஸ்டருக்கு?"

"அதுக்கு அடுத்த பெருசை."

"சினைக்கு எதை நிறுத்தினீய?"

"மிஞ்சினதை."

லூர்து அண்டாவைக் கிண்டினார்.

சவரிராயன் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு ஈத்து பாப்பேன். தேறலன்னா தொழுவத்தை இடிச்சிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிருவேன். எனக்கு ஒரு நல்ல பொட்டைக் குட்டி தா."

"உள்ள பத்து நிக்கி. எது வேணும்னு சொல்லுங்க."

தொழுவத்தின் சுவர் இடுப்பளவு. அதில் கையூன்றிப் பார்த்தார். அகன்ற முதுகுள்ள ஒன்றைக் காட்டினார்.

"அது கறி."

அதைவிடக் கொழுத்த ஒன்றைக் காட்டினார்.

"அதுவும் கறி."

"பத்துமே கறியா?"

"நீங்க நிக்கிற எடத்துலேருந்து பாத்தா பத்தும் கறிதான். லாரி சீட்டுலேருந்தே எல்லாத்தையும் பாத்துப் பழகிட்டீய."

லூர்து அண்டாவை இறக்கிவைத்தார். தொழுவத்துக்குள் போனார். ஈரத்தில், சாணியில், முட்டி போட்டு உட்கார்ந்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

சவரிராயன் உடுத்தியிருந்தது சலவை வேட்டி. கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றார். பிறகு மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய், தானும் முட்டி போட்டார். இடுப்பு வலி உயிரைப் பிடுங்கியது.

அங்கிருந்து முதுகு தெரியவில்லை. கால்கள் தெரிந்தன. வயிறு தெரிந்தது. காம்புகள் தெரிந்தன; எத்தனை காம்போ அத்தனை குட்டிக்குத்தான் பால். ஒன்றுக்குப் பத்துதான் இருந்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதில் இரண்டு உள்ளடங்கிப் போயிருந்தது. அவர் முதலில் காட்டியதற்குக் காலே சரியில்லை.

மூலையில் ஒல்லியாக ஒன்று நின்றது. சுவரோரம் நின்றபோது அது அவர் கண்ணில் படவே இல்லை.

அதன் காம்புகளை இரண்டு முறை எண்ணினார்.

"பதினாலு," என்றார்.

"கொண்டு போங்க."

"பதிலுக்கு நான் என்ன தரணும்?"

"அது போடுற மொத ஈத்துல ஒரு பொட்டைக் குட்டி. நீங்களே பாத்து எடுத்துட்டு வாங்க. நான் பாக்க மாட்டேன். நேரா சினைக்கு நிறுத்திருவேன்."

*

ஒல்லிக்குட்டி நான்கு மாதத்தில் ஆளை மிரட்டுகிற உருவம் ஆயிற்று. தெருவே வந்து பார்த்தது.

அந்த நேரத்தில்தான் சவரிராயனின் மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. எழுநூறு பேருக்குச் சாப்பாடு. கறி தன் தொழுவத்திலிருந்துதான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வெளியே வாங்கக் கையில் காசில்லை. எல்லாம் நகைக்குப் போயிருந்தது.

கல்யாணத்துக்கு மறுவாரம் அந்தப் பொட்டைப் பன்றியை ஆண் பன்றியிடம் விட வேண்டும்.

மைத்துனன் மிக்கேல் வந்து சுவரில் சாய்ந்தான்.

"அத்தான், இதை வெட்டினா ரெண்டு பந்திக்குக் காணும்."

"இது வெட்டுறதுக்கு இல்ல."

"பெறவு? பத்தாங்கிளாஸ் எழுதப் போவுதா?"

மனைவி அழுதாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சாய்த்துவிட்டது. லூர்துவிடம் போனார்.

"பிள்ளைக்குக் கல்யாணம். நீ தந்த பன்றியை வெட்டட்டுமா?"

லூர்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டியைப் பார்த்தார். முட்டி இருக்கும் இடத்தில் இரண்டு பழுப்பு வட்டங்கள். நான்கு மாதமாக எந்தச் சலவைக்கும் போகாத கறை.

பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சவரிராயன் வீடு திரும்பினார். தொழுவத்தில் லூர்து தந்த அவள் ஒருத்தியைத் தவிர எல்லாவற்றையும் வெட்டினார். பெருச்சாளி மாதிரி நின்ற மூன்றையும், கிழத் தாய்ப்பன்றியையும்.

கறி இரண்டாம் பந்தியோடு முடிந்தது.

மூன்றாம் பந்திக்கு அவரே முன்னால் வந்து நின்றார். ஒவ்வொரு இலைக்கும் போய், "கறி தீந்துட்டு, மன்னிக்கணும்," என்றார். வேறு யாரையும் சொல்ல விடவில்லை.

மறுவாரம் அவளை ஆண் பன்றியிடம் விட்டார். பதின்மூன்று போட்டாள். அதில் ஒன்றைச் சாக்கில் போட்டு லூர்துவிடம் எடுத்துப் போனார். லூர்து சாக்கைப் பிரித்து, குனிந்துகூடப் பார்க்காமல், தாய்ப்பன்றிகளுக்கான அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

*

மூன்றாம் பந்தியில் நானும் இருந்தேன். முட்டைதான் கிடைத்தது. அப்பால் தொழுவத்தில் அந்தப் பெரிய முதுகு தெரிந்தது. 'கஞ்சன்' என்று முதலில் சொன்னது யார் என்று நினைவில்லை. நானாகவும் இருக்கலாம்.

பின்னாளில் அவர் இதைச் சொன்னபோது, கஞ்சன் கட்டிய கதை என்று எடுத்துக்கொண்டேன். பன்றியின் காம்பை எண்ணிவிட்டு மகள் கல்யாணத்தில் தலைகுனிந்து நிற்பானா ஒருவன்? எனக்கும் மகள் இருக்கிறாள். நான் நிற்க மாட்டேன். அதனால் அவரும் நின்றிருக்க மாட்டார். என் கணக்கு அவ்வளவுதான்.

போன மாதம், நேராகக் கேட்டுவிடுவது என்று போனேன். லூர்து சொன்னது எது, நீங்களாகச் சேர்த்துக்கொண்டது எது என்று கேட்கக் கேள்விகளை வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

சவரிராயன் என்னைத் தொழுவத்துக்கு அழைத்துப் போனார்.

"அவளோட வம்சத்துல ஒம்பது பொட்டை நிக்கி. சினைக்கு ஒண்ணைத்தான் நிறுத்தணும். எதுன்னு சொல்லுங்க, பாப்போம்."

சுவரில் கையூன்றிப் பார்த்தேன். இருப்பதில் அகன்ற முதுகைக் காட்டினேன்.

அவர் என் வேட்டியைப் பார்த்தார்.

இன்னொன்றைக் காட்டக் கையைத் தூக்கினேன். காட்டவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"அண்ணாச்சி, இதுக்குக் கதவு எந்தப் பக்கம்?"