தலைமையாசிரியையின் சாவிக்கொத்து

வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. அதன் தலைமையாசிரியை வசுமதி, தனக்கு ஒரு காலத்தில் தொழில் கற்றுக்கொடுத்த சகாயமேரி டீச்சரை அழைத்திருந்தாள்.

மேஜைமேல் பதினோரு விண்ணப்பங்கள். எட்டாம் வகுப்புப் பெண்கள் டி.சி. கேட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே காரணம்: குடும்பச் சூழ்நிலை.

"இவங்க போயிட்டா எட்டாம் வகுப்பையே மூடிடுவாங்க டீச்சர். ஸ்மார்ட் போர்டு வாங்கினேன். பழசை இடிச்சுப் புதுக் கழிப்பறை கட்ட வச்சேன். மண்டலத்துலயே சுத்தமானதுன்னு கேடயம் வேற. இன்னும் என்னதான் பண்ணணும்?"

டீச்சர் கேடயத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கிடந்த சாவிக்கொத்தையும் பார்த்தார்.

"ரெண்டு டம்ளர் தண்ணி குடி."

குடித்தாள்.

"இன்னும் ஒண்ணு."

அதையும் குடித்தாள்.

"சாவியை வச்சிட்டு எட்டாம் வகுப்புல போய் உக்காரு. இன்னிக்கு நான் ஹெச்.எம்., நீ பிள்ளை."

வசுமதி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு மேல் கணக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டாள்.

பக்கத்தில் இருந்த பர்வீன் குனிந்து கேட்டாள். "மிஸ், தண்ணி குடிச்சிட்டீங்களா?"

"ஏன்?"

"நாங்க யாரும் குடிக்க மாட்டோம் மிஸ். சாயந்தரம் வீட்டுக்குப் போய்த்தான்."

பன்னிரண்டு மணிக்கு வசுமதி தன் அறை வாசலில் வந்து நின்றாள். ஆசிரியைகள் கழிப்பறைச் சாவியும் அந்தக் கொத்தில்தான்.

"டீச்சர், சாவி."

"எதுக்கு? அழுக்காயிடும். இன்ஸ்பெக்‌ஷன் வருது."

புதுக் கழிப்பறையைப் பூட்டி வைத்துவிட்டு, நான்கு மாதமாக வசுமதியே பிள்ளைகளிடம் சொல்லிவந்த வாசகம் அது.

"விளையாடாதீங்க டீச்சர்."

"இன்னும் நாலு மணி நேரத்துல மணி அடிச்சிடும். வீட்டுக்குப் போய்க்கலாம்."

வசுமதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் விண்ணப்பங்கள் மேல் போய் நின்றது. பதினொன்றும் பெண்களுடையவை.

டீச்சர் கொத்தை நகர்த்தினார். வசுமதி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புதுக் கழிப்பறைக்கே ஓடினாள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் அப்படியொரு தெளிவு. எதிரே பர்வீன். பர்வீனுக்குப் பின்னால் ஒரு வரிசை. வசுமதி பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வழிவிட்டாள். அதன்பின் அந்தக் கதவைப் பூட்டவில்லை.

மறுநாள் பர்வீனின் அம்மா வந்து விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வார முடிவுக்குள் ஒன்பது பேர் வாங்கிவிட்டார்கள்.

வசுமதி டீச்சருக்குப் போன் போட்டாள். சிரிப்பும் பயமுமாகப் பேசினாள்.

"வகுப்பு தப்பிச்சிடுச்சு டீச்சர். ஆனா திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். கேடயம் கொடுத்த அதே ஆளுங்க. கழிப்பறைத் தரை காயவே மாட்டேங்குது. அவங்களுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

"ஈரத்தைக் காட்டு."