நாரைக்குக் கால் வளர்ந்துவிட்டதாம்!

மூங்கில் காட்டுக் குளத்தில் ஒரு நாரை இருந்தது. காலையில் எழுந்ததும் குளத்தில் போய் நின்று, தண்ணீர் காலில் எதுவரை வருகிறது என்று பார்ப்பது அதன் பழக்கம். மழை ஓய்ந்தபோது தொடை நனைந்தது. தை மாதம் முழங்கால் நனைந்தது. பங்குனி பிறந்ததும் பாதம்தான் நனைந்தது!

நாரை அண்ணாந்து தன் கூட்டைப் பார்த்தது. கரையோர மரத்தில் அதன் குஞ்சுகள் இருந்தன. இன்னும் சிறகுகூட முளைக்கவில்லை. குளம் வற்றினால் மீன் ஏது? மீன் இல்லாமல் குஞ்சுகள் எப்படிப் பிழைக்கும்?

குளம் வற்றிய காரணமும் நாரைக்குத் தெரியும். வற்றாத ஓடையிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலை மணல் மூடிவிட்டது. யானைகள் மனசு வைத்தால் ஒரே காலையில் தோண்டிவிடும். ஆனால் அந்த மெத்தென்ற மணல்மேல்தான் புலி ராஜா படுத்துத் தூங்குவார். யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஒன்றைக் கண்டறிந்தால், அந்த விஷயம் தெரிந்த மூன்று பேர் புதருக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். எந்தக் கேள்வியை யார் கேட்டார் என்று வெளியே தெரியாது. அதனால் பயமும் இல்லை, தாட்சண்யமும் இல்லை. அவர்கள் ‘சரி’ என்றால்தான் மயில் பாறைமேல் ஏறி அதை அறிவிக்கும். மயில் சொல்லாமல் யானைகள் ஒரு துரும்பைக்கூட நகர்த்தா. தண்ணீர் விஷயம் என்றால் ஆமையும் தவளையும் நீர்நாயும்தான் புதருக்குப் பின்னால் உட்காரும்.

நாரை பேசப்போகும் செய்தி புலியின் காதுக்குப் போனது.

“என்ன! என் படுக்கையைத் தோண்டுவதா?” என்று உறுமினார் ராஜா.

“நாரை தாராளமாகச் சொல்லட்டும், ராஜா! புதருக்குப் பின்னால் உட்காருகிறவர்களை மட்டும் நாம் மாற்றிவிடலாம்” என்றது மந்திரி கீரி.

“ஏன் மாற்றினாய் என்று கேட்பார்களே?”

“அந்த மூவரும் தண்ணீரில் வாழ்கிறவர்கள். தண்ணீர் விஷயத்தில் அவர்கள் எப்படி நடுநிலையாக இருப்பார்கள்? தண்ணீர்ப் பக்கமே போகாதவர்கள்தான் நியாயமாகச் சொல்வார்கள்!”

அடேயப்பா, என்ன மூளை! புலி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் நாரை புதர் முன்னால் நின்று, “குளம் வற்றுகிறது! வாய்க்காலைத் திறக்க வேண்டும்!” என்றது.

புதரின் ஒரு பக்கம் ஒரு தலை மேலும் கீழும் ஆடியது. அது ஓணான். இன்னொரு பக்கம் குறட்டை கேட்டது. அது ஆந்தை, பகலில் வேறென்ன செய்யும்? நடுவில் இரண்டு நீளக் காதுகள் தெரிந்தன.

“கழுதையண்ணே, நீங்களா?” என்றது நாரை.

“நான் கழுதை இல்லை! நான் யாரென்று உனக்குத் தெரியாது!” என்று கத்தியது கழுதை. “சரி, தண்ணீரை எதை வைத்து அளந்தாய்?”

“என் காலை வைத்து.”

“முன்பு முழங்கால் நனைந்தது, இப்போது பாதம்தான் நனைகிறது. அப்படித்தானே?”

“ஆமாம்.”

“அப்படியானால் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. உன் கால்தான் வளர்ந்துவிட்டது!”

ஓணான் தலையாட்டியது. ஆந்தை குறட்டை விட்டது. “மூவரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்!” என்றது கீரி.

“ஐயோ, குளம் அதோ இருக்கிறது! ஒரு தடவை வந்து பாருங்களேன்!”

“பார்த்தால் எங்கள் நடுநிலை கெட்டுவிடும்!” என்றது கழுதை.

மயில் பாறைமேல் ஏறியது. “நம் ராஜாவின் நல்லாட்சியில் நாரைக்குக் கால் வளர்ந்தது!” என்று அறிவித்தது. காடே ஆரவாரம் செய்தது. தன் காலும் வளர வேண்டும் என்று முள்ளம்பன்றி ராஜாவிடம் மனு கொடுத்தது. தனக்கு ஏற்கெனவே வளர்ந்தாயிற்று என்று நண்டு பீற்றிக்கொண்டது. நாரையின் குஞ்சுகள் மட்டும் பசியில் கத்திக்கொண்டிருந்தன. நாரை அழுதது.

சித்திரை பிறந்தது. அன்று ராஜா பாறையிலிருந்து குளத்தில் குதித்து நீராடுவார். எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். பாசி மூடியிருந்ததால், மேலிருந்து பார்க்கக் குளம் பச்சைப்பசேலென்று தெரிந்தது.

“குதிக்காதீர்கள் ராஜா! தண்ணீர் இல்லை!” என்று நாரை பறந்து வந்து கத்தியது. எத்தனை கோபம் இருந்தாலும், ஓர் உயிர் சாவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

“போ, போ! மயிலே சொன்ன பிறகு நீ என்ன?” என்று சிரித்துக்கொண்டே பாய்ந்தார் புலி.

சதக்! கழுத்துவரை சேறு!

“இழுங்கள்! காப்பாற்றுங்கள்!” என்று அலறினார் ராஜா.

யானைகள் மயிலைப் பார்த்தன. மயில் புதரைப் பார்த்தது. புதருக்குப் பின்னால் கழுதை தொண்டையைச் செருமியது.

“தண்ணீர்தான் அப்படியே இருக்கிறதே! ராஜா எப்படிச் சேற்றில் சிக்குவார்? அவருக்கும் கால் வளர்ந்து பூமிக்குள் போயிருக்கிறது!”

ஓணான் தலையாட்டியது. மயில் அறிவித்தது. காடே ஆரவாரம் செய்தது.

“அடப்பாவிகளா!” என்றார் புலி. சேறு தாடையைத் தொட்டுவிட்டது.

“இழுத்தால் தலைதான் கையோடு வரும், ராஜா! வாய்க்காலைத் திறந்தால் சேறு இளகும். நீங்கள் நீந்தி வந்துவிடலாம்” என்றது நாரை.

“ராஜா, உங்கள் படுக்கை...” என்று இழுத்தது கீரி.

“படுக்கை நாசமாய்ப் போகட்டும்! ஆமையைக் கூப்பிடு! தவளையைக் கூப்பிடு! நீர்நாயைக் கூப்பிடு! நாரை சொல்வது சரியா என்று கேள், சீக்கிரம்!”

மூவரும் ஓடிப்போய்ச் சேற்றைத் தொட்டுப் பார்த்தார்கள், வாய்க்காலைப் பார்த்தார்கள். பிறகு புதருக்குப் பின்னால் போய், “சரி!” என்றார்கள். மயில் கூவியது. யானைகள் மணலைத் தோண்டி எறிந்தன. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. புலி இருமிக்கொண்டே கரையேறினார். அவர் படுக்கை இருந்த இடத்தில் மீன்கள் துள்ளின. நாரை ஒன்றைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது.

மறுநாள் காலை நாரை குளத்தில் நின்றது. தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

“அடடா, பாவம்! நாரைக்குக் கால் குட்டையாகிவிட்டதே!” என்றது கழுதை.

நமக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறவர்களையே சோதிக்க உட்கார வைத்தால் உண்மை மாறிவிடாது. கடைசியில் சேற்றில் போய் விழப்போவது நாம்தான்.