எடைக்கு எடை அப்பளக்காரம்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டையைப் பூரணசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் ஓர் ஆசை முளைத்தால் மத்தியானத்துக்குள் அது காய்த்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு முளைத்தது பொங்கும் பானகம். அப்பள மாவில் சேர்க்கும் உவர்ப்பான அப்பளக்காரத்தை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் நுரைத்துப் பொங்குமாம். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின் குடிக்க அமிர்தமாம். யாரோ ஒரு யாத்திரிகன் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தான். விருந்துக்கு வருகிறவரோ மாமனார், மருமகனை ஒருநாளும் மெச்சாத மனிதர்.

"எவ்வளவு சாற்றுக்கு எவ்வளவு காரம்?" என்றான் ராஜா.

"கொஞ்சத்தில் செய்துபார்த்துச் சொல்கிறேன் மகாராஜா," என்றார் மந்திரி திருமேனியார்.

தராசு அதிகாரி வல்லபராயர் குறுக்கே விழுந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "இதில் பார்க்க என்ன இருக்கிறது? எடைக்கு எடை. சமமாகப் போட்டால் சமமாகத் தீரும். இதுகூடத் தெரியாதவருக்குப் பதவி எதற்கு?"

"அதுவும் சரிதான். உமது கணக்குப் பலித்தால் பதவி உமக்கு," என்றான் ராஜா.

ராயர் நிறுத்துக் கலந்தார். ராஜா ஒரு வாய் குடித்தான். குடித்த வேகத்தில் ராயருடைய சால்வைமேலேயே துப்பினான். நாக்கு வெந்துவிட்டது.

"சாறு மட்டம். மந்திரி வாங்கியது," என்றார் ராயர், துடைத்துக்கொண்டே.

திருமேனியார் அதே சாற்றில் ஒரு கரண்டி எடுத்து மஞ்சள்பொடி தூவி, காரத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டார். நுரைத்தது, நுரைத்தது, பிறகு மஞ்சள் சிவந்தது. "இங்கே காரம் மிஞ்சிவிட்டது. இதற்கு முந்திய சிட்டிகையோடு நிறுத்த வேண்டும்." நிறுத்துப் பார்த்தால் இருபது பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு காரம். அந்தக் கணக்கிலேயே ஒரு குடம் கலந்து, மஞ்சளுக்குப் பதில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். ராஜா குடித்துவிட்டுச் சபை அதிர ஏப்பம் விட்டான்.

"இது கண்கட்டு வித்தை. சமநிறைதான் நியாயம்," என்றார் ராயர்.

மந்திரி அரண்மனை மல்லன் முனியனை வரவழைத்து, துலாபாரத் தராசில் ஒரு தட்டில் அவனையும் மறு தட்டில் ராயரையும் ஏற்றினார். ராயரின் தொப்பை புண்ணியத்தில் தட்டுகள் சரியாக நின்றன.

"எடை சமம். மல்லுக்கு நின்றால் யாரும் ஜெயிக்கப்போவதில்லை, இல்லையா ராயரே?"

ராயர் முனியனின் தோள்களைப் பார்த்தார். "எடை ஒன்றானால் என்ன? அவன் பலம் வேறு, என் பலம் வேறு."

"சாறும் காரமும் அப்படித்தான்," என்றார் மந்திரி.

சபை சிரித்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனியாருக்குப் போட்டான். "ராயரே, நீர் கலந்ததில் ஒரு குவளை குடியும். முடியாதென்றால் முனியனோடு மல்லுக்கு நில்லும்."

ராயர் குவளையைப் பார்த்தார். முனியனைப் பார்த்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முனியனிடம் நடந்தார்.

வெந்த நாக்கோடு ராஜா சொன்னான்: "இன்றைக்கு ராயர் போட்ட சரியான கணக்கு இது ஒன்றுதான்."