பெயருக்கு விட்ட இடம்

1854 மார்ச் 5, ஞாயிறு மாலை ஐந்து மணி. பிரசங்கக் கூட்டத்துக்குப் போட்டது நாற்பது நாற்காலி. வந்து உட்கார்ந்தவர் ஒருவர்: முன்ஷி கச்சபேச முதலியார்.

அவரும் கேட்க வந்தவர் இல்லை. பிரசங்கம் செய்யும் கிராண்டல் துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். ஆசிரியருக்கு வயது முப்பத்தொன்று, மாணவருக்கு ஐம்பத்துமூன்று.

கிராண்டல் மார்மோன் சபையைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் அந்தச் சபை தோன்றி அப்போது இருபத்துநான்கு வருடம்தான் ஆகியிருந்தது. போன ஊரிலெல்லாம் அவர்களைத் துரத்தினார்கள். கடைசியில் யாரும் வேண்டாம் என்று விட்ட ஓர் உப்பேரிக் கரையில் குடியேறினார்கள். அங்கிருந்து ஐந்து கப்பல் மாறிச் சென்னைக்கு வந்திருந்தார் கிராண்டல். ஆடி மாதத்துக்குள் ஓர் ஆளாவது சேராவிட்டால் திரும்பிவிடலாம் என்று உத்தரவு. இதுவரை ஆள் சேரவில்லை.

அவருக்கு முன்பே அவர் சபையைப் பற்றிய புத்தகம் கரை சேர்ந்துவிட்டது. ‘மார்மோன் புரட்டு’ என்று பெயர். இருபத்துநான்கு பக்கம். பாதிரிமார் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கியது. அட்டையில் கொம்பு வைத்த ஒரு துரையின் படம். சென்னையில் இந்தியர் குடியிருந்த கருப்பர் பட்டணத்தில் அது இல்லாத தெரு இல்லை.

அன்று காலைகூட ஒரு மோர்க்காரி அவரை நிறுத்தினாள்.

“துரை, தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்க.”

கழற்றினார். வழுக்கைத் தலை. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணும் காணமே!” என்றாள். ஏமாந்த குரல். பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு மாதத்தில் அவரிடம் வலிய வந்து பேசியவள் அவள் ஒருத்திதான். இதை அவர் முன்ஷியிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“வீட்டிலிருந்து கடிதம் வந்ததா, துரை?” என்றார் முன்ஷி.

“வந்தது. எட்டு மாதத்துக்கு முன் எழுதியது. கூட்டம் நிறைகிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.”

“என்ன எழுதப் போகிறீர்கள்?”

கிராண்டல் நாற்காலிகளைப் பார்த்தார். கைப்பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

“முன்ஷியாரே, இதற்கு மறுப்பு எழுதப் போகிறேன். தமிழிலேயே.”

“எழுதலாம். எது பொய்யோ அதன் கீழே கோடு போட்டுக்கொண்டு வாருங்கள்.”

மறுநாள் புத்தகம் முழுக்கச் சிவப்புக் கோடு. முன்ஷி பொறுமையாகப் புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் நின்றார்.

“ஒன்றுக்கு மேல் மனைவி என்று இருக்கிறது. கோடு இல்லையே?”

“அது உண்மை. எனக்கு இரண்டு பேர். ஹன்னா, லூயிசா. இரண்டு பேர் கடிதமும் ஒரே உறையில்தான் வந்தது.”

“என் பெரியப்பாவுக்கும் இரண்டு பேர். அவரைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை.”

கிராண்டலுக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்கியபின் அவர் பதினோராம் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். அங்கே கோடு போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

“இந்தப் பத்திதான். மிசூரியில் எங்கள் வீட்டை எரித்தவர்கள் கையிலும் இப்படி ஒரு புத்தகம் இருந்தது. எரிப்பதற்கு முன் வாசித்துக் காட்டினார்கள்.”

“யார் வாசித்தது?”

“அடுத்த வீட்டுக்காரன். ஒன்பது வருடப் பழக்கம். பன்றி அறுக்கும் நாளில் நான் அவன் வீட்டுக்குப் போவேன், அவன் என் வீட்டுக்கு வருவான். ஒன்பது வருடம் என் முகத்தைப் பார்த்தவன், ஒரு பக்கம் படித்துவிட்டு என்னைப் புதிதாகப் பார்த்தான்.”

முன்ஷி புத்தகத்தை மூடி வைத்தார்.

“இதைத் தமிழ் செய்தவர் யாரென்று தெரியுமா?” என்று கேட்டார் கிராண்டல்.

“தெரியும்.”

“நல்ல தமிழ்.”

“ஆமாம்.”

நான்கு வாரத்தில் மறுப்பு முடிந்தது. பிறந்த ஊர், எரிந்த வீடு, நடந்த தூரம், வழியில் புதைத்த பிள்ளை. முன்ஷி வாசித்து, பிழை திருத்திக் கொடுத்தார்.

கிராண்டலுக்குத் திருப்தி இல்லை.

“சூடு இல்லை, முன்ஷியாரே. இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பாதிரிமாரைப் பற்றி ஒரு பத்தி வேண்டும். அவர்கள் எங்களைப் பற்றி எழுதியதைப்போலவே எழுத வேண்டும். படித்தவன் ரத்தம் கொதிக்க வேண்டும். எனக்கு அந்தத் தமிழ் வராது. நீர் எழுதிக்கொடும்.”

“எழுத வேண்டியதில்லை.”

“ஏன்?”

“எழுதியே இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்.”

கருப்பர் பட்டணத்துச் சந்து ஒன்றில் இருந்தது அந்த அச்சுக்கூடம். எழுத்துக் கோர்க்கும் சவரிராயன் தலை நிமிர்ந்து பார்த்தார். கை முழுக்க மை. முன்ஷியைப் பார்த்ததும் பல் தெரிந்தது.

“வாங்க முதலியாரே. ரொம்ப நாளாச்சே? புதுசா யாரைத் திட்டணும்?”

“அந்தப் பழைய எழுத்துக்கட்டை எடும்.”

சவரிராயன் மேல் பலகையிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் இறக்கினார். நூலால் சுற்றிக் கட்டிய ஈய எழுத்து. ஒரு பத்தி அளவு. மேலே தூசி இல்லை.

“இதை மட்டும் கலைக்கிறதில்லை துரை” என்றார், விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்போல. “திரும்பக் கோர்க்க அரை நாள் ஆகும். அடிக்கடி வேண்டியிருக்கு.”

முன்ஷி மை தடவி, தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தார். ஈரம் காயாமலே நீட்டினார். கிராண்டல் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“இந்த... முதலில் இனிக்கப் பேசுவார்கள். ஆண்கள் இல்லாத வேளை பார்த்து வீட்டுக்குள் வருவார்கள். இவர்கள் கையால் தண்ணீர் குடித்தவன் மனம் பழைய நிலைக்குத் திரும்பாது. இவர்களோடு போன பெண் மறுபடி தாய்வீடு கண்டதில்லை.”

அதே பதினோராம் பக்கப் பத்தி. ஓர் எழுத்து மாறவில்லை. ‘இந்த’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் பெயர் இல்லை; விரல் அகலத்துக்கு வெறும் தாள்.

“சைவ மடத்துக்காரங்க பாதிரிகளைப் பத்திப் போட்டப்ப கோர்த்தது” என்றார் சவரிராயன். “அடுத்த வருஷமே பாதிரிகள் மடத்தைப் பத்திப் போட்டாங்க. அப்புறம் கிறிஸ்தவ வேதக்காரங்களுக்குள்ளேயே சண்டை. எங்க கத்தோலிக்கச் சபையைப் பத்தியும் போட்டாச்சு. என் கையாலதான்.”

“உம் சபையையா?”

“ஆமா. எங்க பங்குச் சாமியார் அதைப் படிச்சிட்டு மூணு நாள் சாப்பிடல. நான்தான் கோர்த்தேன்னு அவருக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டார்.” அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்தும் மை போகவில்லை. “போன வருஷம் உங்களுக்கு.”

கிராண்டல் முன்ஷியைப் பார்த்தார்.

“ஆங்கிலப் புத்தகத்தில் இந்தப் பத்தி இருந்ததா?”

“இல்லை.”

“சேர்த்தது யார்?”

“நான்தான்.”

“தமிழ் செய்ததும்?”

“நான்தான், துரை.”

கிராண்டல் தாளை மேஜைமேல் வைத்தார்.

“முதலில் எழுதியது நீரா?”

“என் தகப்பனார். அவரும் வேறெதையோ பார்த்து எழுதினார் என்பார்கள்.”

கிராண்டல் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். இந்த ஊரில் அவருக்கு இருந்தவர் ஒரே ஒரு மனிதர்.

“பிறகு ஏன் ஞாயிறுதோறும் வந்தீர்? ஞாயிற்றுக்கிழமை பாடம் இல்லையே.”

“எழுதினபோது உங்களைப் பார்த்ததில்லை. பார்க்க வந்தேன்.”

“பார்த்துவிட்டும் சொல்லவில்லை.”

“சொல்லவில்லை.”

சவரிராயன் ஒருவரை விட்டு ஒருவரைப் பார்த்தார். அவருக்கு வேறு வேலை இருந்தது. “இப்ப கோர்க்கணுமா, வேண்டாமா?” என்றார்.

முன்ஷி எழுத்துக்கட்டைக் கிராண்டலின் பக்கம் திருப்பி வைத்தார். வெறுமையாக விட்டிருந்த இடத்தின் மேல் விரலை வைத்தார்.

“நீங்கள் கேட்ட சூடு இதுதான். இதைவிடச் சூடாக எனக்கும் எழுத வராது. இந்த இடத்தில் யார் பெயரைப் போடட்டும், துரை? சொல்லுங்கள்.”

கிராண்டல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1854 ஜூலை 19ஆம் தேதி அவர் கப்பல் ஏறினார். வழியனுப்பக் கரைக்கு வந்தவர் ஒருவர்: முன்ஷி. மறுப்பு நூல் அச்சாகவில்லை. அந்தப் பத்தி 1859 ஆகஸ்டில் மறுபடி அச்சாயிற்று. விட்ட இடத்தில் பெயர் வேறு.