முட்டு எடுக்காத கூரை

ஆசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தணிகாசலம் கூரை கட்டி முடித்து முப்பத்தாறு நாள் ஆகிவிட்டது. கம்பி இல்லை, உத்திரம் இல்லை, செங்கல்லை வளைத்து அடுக்கிய கூரை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கட்டும்போது அதைத் தாங்குவதற்கு வைத்த முட்டு மரங்களை மட்டும் அவர் எடுக்க விடவில்லை. கூடம் முழுக்க மரமாக நின்றதால், மழையில் எல்லாரும் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"காய்ஞ்சது போதும் சார்," என்று ஆரோக்கியம் மேஸ்திரி தினமும் சொன்னார்.

"இன்னும் ஈரம் இருக்கு மேஸ்திரி," என்று தணிகாசலமும் தினமும் சொன்னார்.

ஈரமாவது ஒன்றாவது. பயம். இன்ஜினீயர் உத்தியோகத்தில் இருந்தபோது அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரு கூரை விழுந்து, ஒரு காவலாளிக்குக் கால் போயிற்று. பன்னிரண்டு வருஷமாகியும் அந்த மனிதரின் முகம் அவரை விடவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்ததே அதை மறக்கத்தான். வந்த இடத்திலும் ஒரு கூரை கட்டச் சொன்னார்கள். கட்டினார். கட்டிவிட்டு இங்கிலீஷ் அகராதிக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

அங்கே ஒரு சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, மங்கையம்மாவிடம் போனார். மங்கையம்மாதான் ஆசிரமத்தின் குரு. தணிகாசலத்தைவிட இருபது வயது இளையவர். மறுநாள் குருபூஜை, இருநூறு பேருக்குச் சமையல் என்பதால் அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"இங்கிலீஷ்ல 'வால்ட்'னு ஒரு சொல். நம்ம கூடத்துல இருக்கிற மாதிரி வளைவுக் கூரைக்கும் அதுதான் பேரு. கையை ஊன்றித் தாண்டிக் குதிக்கிறதுக்கும் அதுதான் பேரு. கூரைன்னா அசையக் கூடாது. குதிக்கிறவன் அசையாம இருக்க முடியாது. ரெண்டுக்கும் எப்படிம்மா ஒரே சொல்?"

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"லத்தீன்ல ஒரு வேர். புரளுறது, சுழலுறதுன்னு அர்த்தம். அதுல ஒரு கிளை பிரெஞ்சு வழியா வந்து கூரையாச்சு. இன்னொரு கிளை இத்தாலியில திரும்புறதுன்னு இருந்து, பிரெஞ்சுக்குப் போய்த் துள்ளுறதாகி, கடைசியில குதிக்கிறதாச்சு."

"அப்ப தெரிஞ்சுபோச்சே."

"எங்கம்மா தெரிஞ்சுது? புரளுறது எப்படிக் கூரையாகும்? புரண்டா விழுந்திடாதா?"

மங்கையம்மா பூசணிக் கீற்றைக் கீழே வைத்தார்.

"ஒருத்தன் குதிச்சுட்டான்னு எப்ப சொல்லுவீங்க?"

"கால் தரையை விட்டதும்."

"உங்க கூரை தரையை விட்டாச்சா?"

தணிகாசலத்துக்குத் தலை சுற்றியது. சொல்லைப் பற்றிக் கேட்டால் இவர் கூரையைப் பற்றிப் பேசுகிறாரே என்று இருந்தது.

"கூரை மேலேதானேம்மா இருக்கு?"

"மேலேதான் இருக்கு. மரத்துமேல படுத்திருக்கு."

சொல்லிவிட்டு அரிவாள்மணையை ஒரு கையிலும் பூசணிக்காய்க் கூடையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். முட்டு மரங்களுக்கு நடுவே, கூரையின் உச்சிக்கு நேர் கீழே உட்கார்ந்து மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

"மேஸ்திரி, மரத்தை எடுத்திடுங்க."

ஆரோக்கியம் சுத்தியலோடு வந்து, என்ன செய்வது என்று தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா, வெளியே வாங்க."

"விழுமா?"

"விழாது. எல்லாம் சரியாத்தான் கட்டியிருக்கு."

"அப்புறம் என்ன? எனக்கு இன்னும் ஏழு காய் இருக்கு."

தணிகாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் பாடம் சொல்கிறாரா, விளையாடுகிறாரா, நிஜமாகவே காய் நறுக்க இடம் தேடித்தான் வந்தாரா? ஒன்று மட்டும் தெரிந்தது. தன் கூரைக்குக் கீழே இன்னொருவருக்கு ஏதாவது ஆனால் அவரால் தாங்க முடியாது.

"நீங்க எழுந்து போங்கம்மா. நான் உட்காருறேன்."

மறுப்பார் என்றுதான் நினைத்தார். குரு என்றால் மறுக்க வேண்டாமா?

"சரிங்க ஐயா," என்று மங்கையம்மா அரிவாள்மணையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி மழையில் இறங்கித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். தணிகாசலத்துக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"சார்?" என்றார் ஆரோக்கியம்.

தணிகாசலம் உள்ளே போய் அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். வடக்குப் பக்கம் இரண்டு வரிசையை, கல்லுக்கு நடுவே சாந்து தடிப்பாக இருக்கிறதென்று பிரித்து மறுபடி அடுக்க வைத்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஆரோக்கியம் அவரோடு சாயங்காலம் வரை பேசவில்லை. ஒவ்வொரு கல்லும் அவர் கண் பார்க்க வைத்த கல்.

"நடுவுல ஆரம்பிங்க மேஸ்திரி. ரெண்டு பக்கமும் ஒரு விரல், ஒரு விரலா மரத்துக்கடியில இருக்கிற ஆப்பைத் தளர்த்துங்க. அவசரமே வேண்டாம்."

முதல் ஆப்பு நகர்ந்தது. மேலே எங்கோ ஒரு முனகல் கேட்டது. அவர் தலையில் செங்கல் தூள் உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மூடிக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று திறந்தார். மரங்களின் மேல் கூரையைத் தாங்கியிருந்த பலகை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கூரை அதோடு இறங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

கடைசி மரத்தை ஆரோக்கியம் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது தணிகாசலம் அழுதுகொண்டிருந்தார். தாழ்வாரத்துக்கு நடந்து வந்தார். வந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, அது விழாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மங்கையம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு எப்படிங்க ஐயா தெரியும்? தெரிஞ்சவர் உள்ளே வந்தார், நான் வெளியே வந்துட்டேன்."